எதிர்ப்பு ஒன்று

எங்கள் வீட்டுக்கும் அச்சுக்காரர் வீட்டுக்கும் நடுவில் இருந்ததைச் சுவர் என்று சொன்னால் மற்ற சுவர்கள் கோபித்துக்கொள்ளும். ஒரு செங்கல் அகலம், அதுவும் கம்பெனி கட்டிக்கொடுத்தது. அந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கினால் இந்தப் பக்கம் கண் கரிக்கும். அதனால் நான் சொல்லப் போவதில் பாதி, அச்சுக்காரரே ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் சொன்னது. மீதி சுவர் சொன்னது. ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். காதைப் பொத்திக்கொண்டு ஒரு மனுஷன் எத்தனை நாள் சாப்பிட முடியும்?

நான் பாட்டில் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தவன். கையெழுத்து நன்றாக இருந்த பாவத்துக்குச் சங்கக் கூட்டங்களில் குறிப்பு எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. குறிப்பு எழுதுகிறவன் பேசக் கூடாது, கை தூக்கவும் கூடாது என்பது எங்கள் சங்கத்து வழக்கம். அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. எவ்வளவு வசதி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அச்சுக்காரர். உலையிலிருந்து உருகிய கண்ணாடி சிவந்த உருண்டையாக இறங்கும். இரும்பு அச்சு வாயைத் திறந்து அதை வாங்கிக்கொண்டு மூடும், காற்று ஊதும், மறுபடி திறந்தால் பாட்டில். அச்சில் கண்ணாடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, எண்ணெயும் கரியும் கலந்த மையை ஒரு குச்சித் துடைப்பத்தால் உள்ளே தடவிக்கொண்டே இருக்க வேண்டும். இயந்திரத்தை அதற்காக நிறுத்த மாட்டார்கள். அச்சு திறந்து மூடுவதற்குள் இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடிக்குள் கையை விட்டு எடுக்கிறவர்தான் அச்சுக்காரர். இருபத்தாறு வருடம் அந்த வேலை பார்த்தும் பத்து விரலும் பத்திரமாக வைத்திருந்தார். "கை முந்திப் போகணும் தம்பி. யோசிச்சா விரல் போயிடும்" என்பார். சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர்.

அவருடைய மனைவி அதே கம்பெனியில் பெல்ட்டின் கடைசியில் உட்கார்ந்திருப்பார். வெள்ளை விளக்குப் பெட்டிக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக ஊர்ந்து போகும். கீறல், குமிழ், கோணல் எது இருந்தாலும் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். பெண்கள் பன்னிரண்டு பேர் அந்த வேலையில் இருந்தார்கள். இந்த அக்காவுக்கு மட்டும் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் கண்ணுக்குத் தப்பிய கீறல் இன்னும் பிறக்கவில்லை என்பது பெல்ட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது ஆள் அக்காவின் அண்ணன், உலைக்காரர். எங்கள் கம்பெனியில் உலையை அணைப்பதே இல்லை. அணைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி கல்லாகிவிடும். அப்புறம் உலையையே உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் வேலைநிறுத்தம் நடந்தாலும் நான்கு உலைக்காரர்களைச் சங்கமே உள்ளே அனுப்பும். அவர்கள் கையில் சங்கத்தின் துணிப்பட்டை இருக்கும். வாசலில் நிற்கிறவர்கள் வழி விடுவார்கள். அவ்வளவு நம்பிக்கையான வேலை என்பதால், சங்கத்தில் இல்லாதவன் உலைக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று கம்பெனியோடு ஒப்பந்தமே இருந்தது. உலைக்காரருக்கு மனைவி இறந்து நாலு வருடம். பிள்ளைகள் இல்லை. வாரத்தில் பாதி நாள் தங்கை வீட்டில்தான் சாப்பாடு.

மாப்பிள்ளையும் மச்சானும் பாசத்தில் ஒரு தட்டு, அரசியலில் இரண்டு கட்சி என்று தெருவில் சொல்வார்கள். உண்மையில் ஒரே கட்சிதான். அதுதான் தொந்தரவு.

எங்களுடையது தொழிலாளர் கட்சி. சங்கங்கள் எல்லாம் சேர்ந்து பெற்ற பிள்ளை. கட்சி மாநாட்டில் ஓட்டெடுப்பு வந்தால் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு அட்டை. எங்கள் அட்டை மஞ்சள் நிறம். அதில் கறுப்பு மையில் 1140 என்று எழுதியிருக்கும். அதை ஒரு கை தூக்கினால் ஆயிரத்து நூற்று நாற்பது பேர் கை தூக்கியதாக அர்த்தம். எந்தச் சங்கம் எந்தப் பக்கம் தூக்கியது என்று எழுதி வைப்பதும் கிடையாது. எண்ணுகிறவர்கள் வரிசை வரிசையாக வந்து அட்டையில் உள்ள எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு போவார்கள். பின்னால் பழிவாங்கல் வரக் கூடாது என்று அந்தக் காலத்தில் நல்ல எண்ணத்தில் வைத்த வழக்கம். எங்கள் அட்டையைப் பத்தொன்பது வருடமாகத் தூக்கிய கை அச்சுக்காரருடையது. மாநாட்டிலிருந்து வந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் அதை மாட்டிவிட்டுத்தான் கால் கழுவுவார்.

அந்த வருடம் கட்சிக்குள் திருத்தம் வேண்டும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. அட்டையை ஒழிக்க வேண்டும், தலைவரையும் வேட்பாளரையும் தேர்ந்தெடுக்க உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு கொடுக்க வேண்டும் என்றார்கள். உலைக்காரர் அதில் முன்னணி. அச்சுக்காரர் அதற்கு எதிரி. மாநாட்டுக்கு மூன்று வாரம் முன்பு, காலை ஷிப்ட் விடுகிற நேரத்தில், கம்பெனி கேட்டில் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். காற்றே இல்லாத வெயில். அன்று அச்சுக்காரர் நன்றாகவே பேசினார்.

"தனித்தனி ஓட்டுன்னா தனித்தனி ஆளு. தனி ஆளை மிரட்டலாம், வாங்கலாம். ஆயிரத்து நூத்தி நாப்பது பேரையும் ஒரே கையில கட்டி வச்சா எவன் அசைப்பான்?"

"சரி மாப்ள, கட்டி வச்சிருக்கிறது யாரு கையில?" என்று கேட்டார் உலைக்காரர்.

கூட்டம் சிரித்தது. அச்சுக்காரரும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது.

வழக்கமாகப் பெல்ட்டுப் பெண்கள் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. வாருங்கள் என்றும் யாரும் சொன்னதில்லை. அன்று பன்னிரண்டு பேரும் முன்னால் வந்து நின்றார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு என்றால் தங்களுக்கும் ஒன்று என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. ஓட்டெடுப்பில் பூதக்கண்ணாடி அக்கா கையைத் தூக்கினார். கை நடுங்கியது, ஆனால் எண்ணி முடிக்கும் வரை இறக்கவில்லை. முப்பத்தோரு கை வித்தியாசத்தில் திருத்தம் ஜெயித்தது. கேட் சொன்னதை அட்டை சொல்ல வேண்டும் என்பது விதி. அச்சுக்காரர் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, "உங்க தீர்ப்பு எதுவோ அதுவே என் கை" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு மாநாட்டுக்கு ரயில் ஏறினார். எதிர்த்துப் பேசித் தோற்றவன் அப்படிச் சொன்னதற்குக் கைதட்டு கிடைத்தது.

திருத்தம் மாநாட்டில் தோற்றது. தொள்ளாயிரம் ஓட்டு வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அச்சுக்காரர் வந்து சேர்ந்தார். சுவர் வழியாகத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஆணியில் அட்டை மாட்டுகிற சத்தம் கேட்கவில்லை. எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை.

உலைக்காரர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். திருத்தத்துக்கு வாக்குக் கொடுத்த சங்கங்களின் அட்டைகளை எல்லாம் சேர்த்தால் ஜெயித்திருக்க வேண்டும். ஆயிரத்துக்கு மேலே எண் போட்ட ஏதோ ஒரு அட்டை பக்கம் மாறியிருக்கிறது. அந்த அளவில் அவர்கள் பக்கம் இரண்டு அட்டைகள்தான் இருந்தன. ஒன்று எங்களுடையது, மற்றொன்று துறைமுகத்துக்காரர்களுடையது.

"எங்க அட்டையை விடு. அது என் மாப்ள கையில இருந்துச்சு. அவர் கை மேல என் தலையை வைப்பேன். அப்ப மிச்சம் யாரு?" என்று தெருவெல்லாம் கேட்டுக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை மழை. மழைக்கு ஒதுங்கிய டீக்கடையில் துறைமுகச் சங்கத்தின் பிரதிநிதி நின்றிருந்தார். கயிறு முறுக்குகிறவர், அதிகம் பேசாத மனுஷர். உலைக்காரர் அவரைப் பார்த்து, "எவ்வளவுக்குடா வித்தே?" என்று கேட்டார். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நான் விற்கவில்லை என்று மட்டும் சொன்னார். உலைக்காரர் அறைந்துவிட்டார். முப்பது வருடம் இரும்புக் கோல் பிடித்த கை. கயிற்றுக்காரர் மழையில் போய் விழுந்தார்.

கயிற்றுக்காரர் புகார் கொடுத்தார். கட்சியின் வட்டக் கமிட்டி இரண்டு நாளில் கடிதம் அனுப்பியது. வரும் ஞாயிறு சங்கக் கூட்டத்தில் உலைக்காரர் ஆதாரம் காட்ட வேண்டும், இல்லையென்றால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கட்சியிலிருந்தும் சங்கத்திலிருந்தும் நீக்கம். சங்கத்தில் இல்லாதவனுக்கு உலை இல்லை. ஓய்வூதியத்துக்கு அவருக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது. நான்தான் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மன்னிப்பா? நாக்கை அறுத்துக்குவேன்" என்றார்.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டில் சாப்பிடும்போதும் அதையே சொன்னார். அச்சுக்காரர், கேட்டுவிடுங்கள் மச்சான், வார்த்தைதானே, என்று தணிந்த குரலில் சொன்னது கேட்டது. அதற்கு உலைக்காரர், "நான் மன்னிப்புக் கேட்டா என்ன அர்த்தம்? அவன் மாத்தலைன்னா நீங்க மாத்தினீங்கன்னு அர்த்தம். உங்க பேருக்கு அந்தக் கறை வர நான் விடுவேனா?" என்றார். அச்சுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவுகிற சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை மூன்று பேருக்கும் காலை ஷிப்ட். எனக்கு அன்று விடுமுறை. மத்தியானம் மூன்று மணிக்கு நான் பாய் விரித்து உட்கார்ந்து ரொட்டியைப் பருப்பில் தொட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம், ஷிப்ட் விட்டு வந்த அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. ஒவ்வொரு துணியையும் உதறுகிற சத்தம் கேட்டது.

"அட்டை எங்க?" என்று கேட்டார்.

"அலமாரி மேல."

"ஆணி காலியா இருக்கு."

"மாட்டுறேன், அப்புறம் மாட்டுறேன்."

துணி உதறும் சத்தம் நின்றது. "ஒரு நாளைக்கு இருபதாயிரம் பாட்டில் என் கண்ணு முன்னால போகுதுங்க. கீறல் இருக்கிற பாட்டில் வெளிச்சத்தை வேற மாதிரி விடும். ஞாயித்துக்கிழமை நீங்க வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்களே சொல்லுவீங்கன்னு அஞ்சு நாளா பாத்துக்கிட்டிருக்கேன்."

 அச்சுக்காரர், கட்சி சிதறிப் போகும் என்று பயந்துதான் அப்படிச் செய்தேன் என்று ஏதேதோ சொன்னார். கேட்டில் பேசிய அதே பேச்சு, குரல்தான் செத்துப்போயிருந்தது.

"அதைத்தான் கேட்ல சொன்னீங்களே. கேட்டோம். கேட்டுட்டுத்தான் வேண்டாம்னு கை தூக்கினோம். நான் இந்த வேலைக்கு வந்ததிலேர்ந்து ஒரு கூட்டத்துலயும் கை தூக்கினதில்லை. அன்னைக்குத்தான் தூக்கினேன். உடம்பெல்லாம் வேர்த்துப்போச்சு எனக்கு. அந்தக் கையையும் சேத்துத்தான் நீங்க பையில வச்சு எடுத்துட்டுப் போனீங்க. கொண்டுபோய் என் கையாலயே என்னைத் தள்ளிவிட்டுட்டு வந்திருக்கீங்க."

அவர் ஏதோ முனகினார். அண்ணனுக்கு வேலை போய்விடுமே என்றார் என்று நினைக்கிறேன்.

"போகும்தான். உங்களை நம்பித்தான் போகப்போகுது. நான் போய் எதுவும் சொல்ல மாட்டேன். நான் சொன்னா அது காட்டிக்கொடுத்தது. நீங்க சொன்னாத்தான் அது ஒப்புக்கிட்டது."

என் கையிலிருந்த ரொட்டி கையிலேயே காய்ந்துவிட்டது. நல்ல மனுஷர் என்று நான் பத்து வருடம் நம்பிய ஆள்.  போய்க் கதவைத் தட்டலாமா என்று நினைத்தேன். என்ன சொல்லித் தட்டுவது? பருப்பு மீந்துவிட்டது என்றா?

மாநாட்டில் நடந்ததை அவர் வாயால் நான் கேட்டது பல வருடம் கழித்து. போகும்போது சொன்னபடி தூக்க வேண்டும் என்றுதான் போனாராம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது கட்சியின் பெரிய செயலாளர் வந்து, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தோளில் கை போட்டிருக்கிறார். உங்களை மாதிரி ஆட்கள் அட்டையைப் பிடித்திருக்கிற வரைக்கும்தான் இது கட்சி என்றிருக்கிறார். அவ்வளவுதான். காசு இல்லை, பதவி இல்லை. அச்சு ஓரத்தில் கரியாக நிற்கிற மனுஷனுக்குத் தோளில் ஒரு கை. பிற்பகலில் ஆதரிப்போர் தூக்குங்கள் என்றபோது அட்டை மடியிலேயே இருந்தது. எதிர்ப்போர் என்றபோது மேலே போய்விட்டது. பக்கத்து நாற்காலியில் தையல்காரர் சங்கத்துப் பிரதிநிதி சாப்பிட்ட மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். வேறு யாரும் கவனிக்கவில்லை.

"கை முந்திப் போயிடுச்சுன்னு எனக்கு நானே சொல்லிப் பாத்தேன் தம்பி. அது பொய். முழுசா யோசிச்சுத்தான் தூக்கினேன். இனிமே இந்த அட்டை இல்லைன்னா மாநாட்டுல என்னை யாருக்குத் தெரியும்னு யோசிச்சேன்" என்றார்.

சனிக்கிழமை அவர் ஒரு குறுக்கு வழி பார்த்தார். துறைமுகத்துக்குப் போய்க் கயிற்றுக்காரரிடம், புகாரைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கயிற்றுக்காரர் கன்னம் இன்னும் வீங்கியிருந்ததாம். உட்கார ஒரு பெட்டியை நகர்த்திப் போட்டு, டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, கையில் இருந்த கயிற்றைப் பிரித்துக்கொண்டே பேசினாராம். அடிபட்டது பரவாயில்லை, அது ஆறிவிடும். தன் சங்கத்திலேயே இப்போது தன்னோடு யாரும் சேர்ந்து சாப்பிட உட்கார்வதில்லை, வீட்டிலும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்றாராம். அப்புறம் தலையை நிமிர்த்தி, "நான் மாத்தலைன்னு எனக்குத் தெரியும். நீங்களும் மாத்தலைன்னா, பின்ன யாருங்க மாத்தினது?" என்று கேட்டாராம். கோபமே இல்லாமல் கேட்டாராம். அச்சுக்காரர் டீயைக் குடிக்காமல் திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். சங்கக் கட்டடத்துக்குத் தகரக் கூரை. மழை தூறிக்கொண்டிருந்ததால் பேசுகிறவர்கள் கத்திப் பேச வேண்டியிருந்தது. இருநூறு பேர் இருந்தார்கள். பெல்ட்டுப் பெண்கள் பன்னிரண்டு பேரும் ஜன்னல் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கேட் கூட்டத்துக்குப் பிறகு சைக்கிள் கொட்டகைக்குத் திரும்பிப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள் போலும். கயிற்றுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் முதல் வரிசையில் இருந்தார். தலைமை தாங்கியவர் எங்கள் சங்கத் தலைவர். எதற்கெடுத்தாலும் தீர்மானம் போடுவார் என்பதால் அவர் பெயரே தீர்மானம் ஆகிவிட்டது. நான் பக்கத்தில் சின்ன மேஜையில் குறிப்பு நோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

உலைக்காரரை எழுப்பிக் கேட்டார்கள். ஆதாரம் உண்டா என்றார்கள். என் மாப்பிள்ளையின் நாணயம்தான் ஆதாரம் என்றார். மன்னிப்புக் கேட்கிறீர்களா என்றார்கள், முடியாது என்றார். தீர்மானம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அப்படியானால் வேறு வழியில்லை என்று ஆரம்பித்தார்.

அச்சுக்காரர் எழுந்தார்.

"அட்டையை மாத்தித் தூக்கினது நான்தான்" என்றார். மழைச் சத்தத்தில் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள் என்று யாரோ சொன்னார்கள். அவர் அதைச் சத்தமாக இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. "நான்தான் மாத்தித் தூக்கினேன். துறைமுகத்துக்காரர் மேல தப்பில்லை, மச்சான் மேலயும் தப்பில்லை. கேட் சொன்னதை நான் செய்யல. செயலாளர் பதவியை விட்டுடறேன். எனக்கு என்ன தண்டனையோ குடுங்க."

 பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "இடிதாங்கி மறுபடியும் வந்துட்டாருப்பா!" என்றது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வருடம் முன்பு கூட வேலை செய்தவர் ஒரு அச்சைக் கீழே போட்டு உடைத்தபோது, அவருக்கு நாலு பிள்ளைகள் என்று, நான்தான் உடைத்தேன் என்று சொல்லி மூன்று நாள் இடைநீக்கத்தை வாங்கிக்கொண்டவர் அச்சுக்காரர். இன்னொரு முறை, வேலைநிறுத்தத்தில் மேனேஜரின் கார் கண்ணாடி உடைந்ததற்கும் போலீஸில் போய் நின்றார். அப்போது வைத்த பெயர்தான் இடிதாங்கி. ஊரே அறிந்த குணம் இன்றைக்கு அவருக்கே குழி பறித்தது.

சிரிப்பு எழுந்தது, அப்புறம் கைதட்டு. யாரோ கண்ணைத் துடைத்தார்கள். மச்சானுக்காக இப்படி ஒரு பழியை எவன் ஏற்பான் என்று பேசிக்கொண்டார்கள். அவர் கையை ஆட்டி ஆட்டி, நெஜமாத்தான் சொல்றேன், அட்டை போயிடக் கூடாதுன்னு தூக்கினேன் என்றார். அவர் சொல்லச் சொல்லக் கைதட்டு கூடியது. உலைக்காரர் பெஞ்சுகளைத் தாண்டி வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"எனக்காக இப்படி ஒரு பொய் சொல்லணுமா மாப்ள? உங்களைச் சபையில தலை குனிய வச்சுட்டேனே."

"பொய் இல்ல மச்சான்."

"சரி, சரி. போதும், உக்காருங்க" என்று அவரை ஒரு பிள்ளையைப் போல உட்கார வைத்தார் உலைக்காரர். பிறகு கயிற்றுக்காரரிடம் போய், தன் மாப்பிள்ளையே இவ்வளவு தூரம் இறங்கி வந்த பிறகு தனக்கு என்ன வறட்டுக் கௌரவம் என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். கயிற்றுக்காரர் அவரைப் பார்க்கவே இல்லை. அச்சுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். தன் கை மாறவில்லை என்று தெரிந்தவருக்கு மற்றது தெரியாமல் போகுமா? "எனக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு. புகார் இல்ல" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எவ்வளவு பெருந்தன்மை என்று கூட்டம் அதற்கும் கைதட்டியது.

அப்போது அச்சுக்காரர் என்னைப் பார்த்தார். எங்கள் சுவரின் அகலம் அவருக்கும் தெரியும். அக்காவை விட்டால், இந்த இருநூறு பேரில் அவர் சொல்வது நிஜம் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். உதவி கேட்கிற பார்வை அது. நான் குறிப்பு எழுதுகிறவன். குறிப்பு எழுதுகிறவன் பேசக் கூடாது. தலையைக் குனிந்து தேதியை இன்னொரு முறை எழுதினேன். அந்தத் தேதி இன்றைக்கும் அந்த நோட்டில் இரண்டு முறை இருக்கும்.

தீர்மானம் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானம் போட்டார். செயலாளரின் ராஜினாமாவை ஏற்பதில்லை, அவர் மேல் இந்தச் சங்கத்துக்கு முழு நம்பிக்கை உண்டு. ஆதரிப்போர் என்றதும் காடு மாதிரிக் கைகள் எழுந்தன. உலைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றை இறக்குங்கள் என்று தீர்மானம் கண்டிக்க வேண்டியிருந்தது. அச்சுக்காரர் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவமானப்பட வந்தவருக்கு மாலை போடுகிறார்கள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"எதிர்ப்போர்?" என்றார் தீர்மானம், கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டபடி. சம்பிரதாயத்துக்குக் கேட்கிற கேள்வி.

ஜன்னல் பெஞ்சில் ஒரு கை எழுந்தது. பூதக்கண்ணாடி அக்கா. இந்த முறை கை நடுங்கவில்லை.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை வரிசையாகப் பரவியது. காலையில் வீட்டில் ஏதோ சண்டை என்றார் ஒருவர். அடுப்படித் தகராறைச் சங்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்றார் இன்னொருவர். உலைக்காரர் எழுந்து, "ஏம்மா, கையை எறக்கும்மா, விளையாடற நேரமா இது?" என்று தங்கையைக் கெஞ்சினார். அக்கா அண்ணனையும் பார்க்கவில்லை, சிரித்தவர்களையும் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்துக்கொண்டு, கையை அப்படியே வைத்திருந்தார். கோபம் என்று சொல்ல முடியாது. பெல்ட்டில் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போன்ற பார்வை.

தீர்மானமும் சிரித்துக்கொண்டே என் பக்கம் குனிந்து, இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், ஏகமனதாக நிறைவேறியது என்று போட்டுவிடுங்கள் என்றார். நான் எழுத ஆரம்பித்தேன். 'ஏகமன' என்பது வரைக்கும் எழுதிவிட்டேன்.

நோட்டின் மேல் ஒரு கை வந்து விழுந்தது. நகக்கண்ணில் கரி ஏறிய, பத்திரமான ஐந்து விரல்கள்.

"அடிங்க தம்பி அதை" என்றார் அச்சுக்காரர். குரல் உடைந்திருந்தது, ஆனால் ஒரு வாரத்தில் முதல் முறையாக அது அவருடைய குரலாக இருந்தது. "எதிர்ப்பு ஒண்ணுன்னு எழுதுங்க. போன தடவை அந்த ஓட்டை நான்தான் தொலைச்சேன். இந்தத் தடவை அது எண்ணிக்கையில வரணும்."

விட்டுவிடுங்கள், வீட்டு விஷயம் என்று தீர்மானம் ஏதோ சொன்னார். அச்சுக்காரர் நோட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

நான் அடித்துவிட்டு எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? அந்த ஒரு வரி மட்டும் கோணலாகத்தான் விழுந்தது. நான் எழுதி முடித்து, அவர் அதைக் குனிந்து படித்துப் பார்த்துத் தலையசைக்கும் வரைக்கும், அக்கா கையை இறக்கவில்லை.